மெனு உடைந்து தெரிகிறதா? எங்கிருந்து தேடத் தொடங்குவது

ஒரு இணையதளத்தில் ஏதாவது கலைந்தால் பெரும்பாலும் முதலில் கலைவது மெனுதான். எழுத்தும் படமும் மேலிருந்து கீழே தானாக இறங்கிவிடும். மெனுவுக்கு வேலை அதிகம். கணினியில் ஒரே வரியில் நிற்க வேண்டும், கைபேசியில் மூன்று கோடுகளாகச் சுருங்க வேண்டும், தொட்டால் விரிய வேண்டும், விரிந்தபின் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே தெரிய வேண்டும். பக்கத்தின் உள்ளடக்கமான எச்டிஎம்எல், தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ், தொட்டால் இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட், எழுத்துருவான ஃபான்ட் நான்கும் சரியாக வந்து சேர்ந்தால்தான் இதெல்லாம் நடக்கும். ஒன்று வராவிட்டாலும் மெனு காட்டிக்கொடுத்துவிடும்.

பள்ளிக்கோ, கடைக்கோ, ஊர்ச் சங்கத்துக்கோ ஒரு சின்ன தளத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் பாதிக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. இரண்டாம் பாதியில் சிஎஸ்எஸ் கொஞ்சம் வரும், ஆனால் எதைத் தேட வேண்டும் என்பதையாவது எல்லோரும் தெரிந்துகொள்ளலாம்.

தொடங்குமுன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முகவரிப் பட்டையும் தெரியும்படி முழுத்திரையாக எடுங்கள். நடுவில் ஏதாவது மாற்றியபின் “முதலில் எப்படி இருந்தது?” என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

முதல் படி: யாருக்கு உடைந்திருக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நிரலில் கை வைக்காதீர்கள். உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் கோளாறுக்காகத் தளத்தை மாற்றப் போனால், நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அது கெட்டுப்போகும்.

அதே பக்கத்தை முதலில் பிரைவேட் விண்டோவில் திறங்கள். குரோமிலும் எட்ஜிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். ஃபயர்ஃபாக்ஸில் என்னுக்குப் பதில் பி. இந்த விண்டோ பழைய கேச் எதையும், அதாவது பிரவுசர் முன்பு சேமித்து வைத்த கோப்புகளை, எடுத்துக்கொள்ளாது, நீங்களாக அனுமதிக்காத எக்ஸ்டென்ஷன்களும் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த கருவிகள்) இதில் ஓடாது. இங்கே மெனு சரியாக இருந்தால் கோளாறு உங்கள் பிரவுசருக்குள்தான். தளத்தை விட்டுவிடுங்கள்.

இங்கேயும் உடைந்திருந்தால் வேறு பிரவுசரில் பாருங்கள். “வேறு” என்பதைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். குரோம், எட்ஜ், ஓபரா, சாம்சங் இன்டர்நெட் எல்லாம் உள்ளே பக்கத்தை வரையும் பிளிங்க் என்ற ஒரே எஞ்சினில் ஓடுகின்றன. எட்ஜும் 2020 ஜனவரியில் அந்தப் பக்கம் வந்துவிட்டது. அதனால் குரோமில் பார்த்துவிட்டு எட்ஜில் பார்ப்பது பெரிய சோதனை ஆகாது. கெக்கோ எஞ்சினில் ஓடும் ஃபயர்ஃபாக்ஸிலும், வெப்கிட்டில் ஓடும் சஃபாரியிலும் பாருங்கள். ஐபோனில் குரோம் என்ற பெயரில் இருப்பதும் அநேகமாக எல்லா நாடுகளிலும் வெப்கிட்தான். எனவே ஐபோனில் ஒரு பிரவுசரில் பார்த்தால் போதும்.

மூன்றாவதாக, வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் கைபேசியில் திறந்து பாருங்கள். அலுவலகத்திலோ கல்லூரியிலோ இருக்கும் நெட்வொர்க் சில கோப்புகளைத் தடுத்திருந்தால் இதில் தெரிந்துவிடும்.

எல்லா இடத்திலும் உடைந்திருந்தால் தவறு தளத்தில்தான் என்று நம்பி மேலே போகலாம்.

உங்கள் பிரவுசரில் மட்டும் என்றால்

முதலில் ஜூமைப் பாருங்கள். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் கணினித் திரையில் திடீரென்று கைபேசி மெனு வந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். பிரவுசரில் 150 சதவீதம் ஜூம் வைத்தால், 1366 பிக்சல் அகலத் திரையைத் தளம் 911 பிக்சலாகத்தான் பார்க்கிறது. பூட்ஸ்ட்ராப் என்ற ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பை வைத்துக் கட்டிய பல தளங்களில் 992 பிக்சலுக்குக் கீழே போனால் மெனு மூன்று கோடுகளாகச் சுருங்கும்படி வைத்திருப்பார்கள். தளம் தனக்குச் சொன்னதைத்தான் செய்கிறது. கன்ட்ரோலும் பூஜ்ஜியமும் சேர்த்து அழுத்துங்கள், ஜூம் 100க்குத் திரும்பும். விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்கில் ஸ்கேல் என்று 125, 150 வைத்திருந்தாலும் இதே விளைவுதான். கண்ணுக்கு வசதியாக இருக்கட்டும் என்று பெரிதாக்கி வைத்திருக்கும் வயதானவர்கள் “மெனுவைக் காணோம்” என்று சொன்னால் அவர்கள் சொல்வது உண்மை. அங்கே அவர்கள் ஜூமைக் குறைக்கச் சொல்லாதீர்கள், மூன்று கோடுகள் எங்கே என்று காட்டிக்கொடுங்கள்.

அடுத்தது கேச். தளம் மாறியிருக்கும், உங்கள் பிரவுசர் பழைய சிஎஸ்எஸ் கோப்பையே வைத்துக்கொண்டிருக்கும். புது எச்டிஎம்எல்லும் பழைய சிஎஸ்எஸ்ஸும் சேர்ந்தால் மெனு கலையாமல் என்ன செய்யும்? விண்டோஸில் கன்ட்ரோலும் எஃப்5-உம், மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், ஆர், சஃபாரி என்றால் ஆப்ஷன், கமாண்ட், ஆர் அழுத்துங்கள். அதற்கும் மசியாவிட்டால் அந்த ஒரு தளத்தின் தரவை மட்டும் அழியுங்கள். முகவரிப் பட்டையின் இடப்பக்கக் குறியைத் தட்டினால் அதற்கு வழி இருக்கும். எல்லாத் தளங்களின் குக்கியையும் ஒரேயடியாக அழித்துவிட்டு, அப்புறம் பாங்க் முதல் மின்னஞ்சல் வரை மறுபடி லாகின் செய்துகொண்டிருக்க வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன்களில் மூன்று வகைகளைச் சந்தேகப்படுங்கள். விளம்பரத் தடுப்பான்கள் பக்கத்தின் உறுப்புகளைப் பெயர் பார்த்து மறைக்கும். நிரலில் மெனுவுக்கு வைத்த கிளாஸ் பெயரில் விளம்பரம் போலத் தோன்றும் சொல் இருந்தால் மெனுவே மறையக்கூடும். பக்கத்தைக் கறுப்பாக்கும் டார்க் மோடு கருவிகள் சில நேரம் பின்னணியையும் எழுத்தையும் ஒரே நிறமாக்கிவிடும், மெனு இருந்தும் தெரியாது. மொழிபெயர்க்கும் கருவிகள் மெனுவின் சொற்களை மாற்றி நீளமாக்கும், மெனு இரண்டு வரியாக மடங்கும். ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து அணைத்தால் எது காரணம் என்று தெரியாது.

தளத்தில்தான் என்றால்: எஃப்12

இனி பிரவுசரே வேண்டியதைச் சொல்லும். எஃப்12 அழுத்துங்கள், அல்லது மெனுவின் மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெவலப்பர் டூல்ஸ் திறக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் இதில் நீங்கள் எதை மாற்றினாலும் உங்கள் திரையில் மட்டும்தான் மாறும். ரீலோட் செய்தால் பழையபடி ஆகிவிடும். தைரியமாகத் தொடலாம்.

முதலில் இரண்டு டேப் போதும். கன்சோல் டேபில் சிவப்பு வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாச் சிவப்பு வரியும் மெனுவோடு தொடர்புடையது அல்ல, ஆனால் மேலே முதலில் இருப்பதைக் கட்டாயம் படியுங்கள். ஒரு ஸ்கிரிப்ட் முதல் பிழையில் நின்றுபோனால் அதன் பின்னால் வரவேண்டியவை எல்லாம் வரிசையாக விழும். கீழே இருக்கும் பத்துப் பிழைகள் முதல் பிழையின் விளைவாக இருக்கலாம்.

நெட்வொர்க் டேபைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். டிஸேபிள் கேச் என்ற பெட்டியைத் டிக் செய்துகொள்ளுங்கள். கோப்புகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கும். 404 என்று காட்டும் கோப்பு கிடைக்கவில்லை, 403 தடுக்கப்பட்டது, 500 சர்வரிலேயே கோளாறு.

தளத்தைக் கட்டியவர் வேறொருவர் என்றால் இங்கேயே நிறுத்திக்கொண்டு அவருக்கு எழுதிவிடலாம். பக்கத்தின் முகவரி, பிரவுசரின் பெயரும் பதிப்பும், சாதனம், ஸ்கிரீன்ஷாட், கன்சோலின் முதல் சிவப்பு வரி, கடைசியாகத் தளத்தில் என்ன மாறியது: இவ்வளவும் ஒரே செய்தியில் போனால் அவர் நேராக வேலையைத் தொடங்கலாம். “மெனு வேலை செய்யவில்லை” என்று மட்டும் போனால் இரண்டு நாள் கேள்வியிலேயே கழியும்.

மெனு புள்ளி வைத்த பட்டியலாகக் கிடந்தால்

நீல நிற இணைப்புகள், அடிக்கோடு, முன்னால் கறுப்புப் புள்ளி, எல்லாம் இடப்பக்கம் ஒட்டி வரிசையாக. இப்படி இருந்தால் சிஎஸ்எஸ் வந்து சேரவே இல்லை என்று பொருள். ஏன் வரவில்லை என்பதற்கு நெட்வொர்க் டேபில் விடை இருக்கும்.

404 என்றால் கோப்பின் பாதை தவறு. உங்கள் விண்டோஸ் கணினியில் சரியாக இருந்து சர்வரில் ஏற்றியபின் உடைந்தால், கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான சர்வர்களில் இருக்கும் லினக்ஸ் அவற்றை வேறு வேறு கோப்பாகத்தான் பார்க்கும்.

தளத்தை எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றியதும் உடைந்தது என்றால், உள்ளே சிஎஸ்எஸ் இணைப்பு இன்னும் பழைய முகவரியில் இருக்கும். பாதுகாப்பான பக்கத்துக்குள் பாதுகாப்பில்லாத வழியில் வரும் சிஎஸ்எஸ்ஸையும் ஸ்கிரிப்டையும் பிரவுசர் தடுத்துவிடும். கன்சோலில் மிக்ஸ்டு கன்டென்ட் என்று எழுதியும் காட்டும். வேர்ட்பிரஸில் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல் பகுதியில் இருக்கும் இரண்டு முகவரிகளையும் முதலில் பாருங்கள்.

கோப்பு 200 என்று வந்தும் அழகு வரவில்லையா? அதைக் கிளிக் செய்து உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சில சர்வர்கள் கோப்பு இல்லாதபோது 404 சொல்லாமல் முகப்புப் பக்கத்தையே அனுப்பிவிடும். சிஎஸ்எஸ் என்று கேட்ட இடத்தில் எச்டிஎம்எல் வந்தால் பிரவுசர் அதை ஏற்காது.

ஒரே வரியில் நிற்க வேண்டியது இரண்டு வரியாக மடிந்தால்

தமிழில் தளம் நடத்துகிறவர்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டிய இடம் இது. தளத்துக்குத் தோற்றம் தரும் ஆயத்த வடிவமைப்புகளான தீம்களில் பெரும்பாலானவை ஆங்கில மெனுவை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே ஹோம், அபவுட், கான்டாக்ட் என்று சின்னச் சின்னச் சொற்கள். நாம் அதே இடத்தில் முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்புகொள்ள என்று போடுகிறோம். எழுத்தும் அகலம், சொல்லும் நீளம். ஆறேழு உருப்படிகள் சேர்ந்தால் கடைசியில் இருப்பது கீழே இறங்கிவிடும்.

உங்கள் கணினியில் மடியாமல் மற்றவர் கணினியில் மட்டும் மடிகிறது என்றால் ஃபான்ட்தான் காரணமாக இருக்கும். தளத்துக்கென்று தமிழ் ஃபான்ட் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு சாதனமும் தன்னிடம் இருப்பதை எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் என்றால் நிர்மலா, பழைய விண்டோஸில் லதா, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஆப்பிள் சாதனங்களில் தமிழ் சங்கம் எம்என். இவற்றின் அகலம் ஒன்றுபோல இருக்காது. ஒன்றில் மயிரிழையில் பொருந்தி நின்ற மெனு இன்னொன்றில் வழியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை போன்ற இலவச ஃபான்ட்களில் ஒன்றைத் தளத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் பார்ப்பார்கள். அப்போதும் பக்கம் திறக்கும்போது இரண்டு வரியாகத் தோன்றி உடனே ஒரு வரியாக மாறினால் பயப்பட வேண்டாம். ஃபான்ட் வந்து சேரும்வரை சாதனத்தின் எழுத்து காட்டப்படுகிறது, அவ்வளவுதான்.

எழுத்தின் அளவைக் குறைத்து மெனுவை உள்ளே திணிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தமிழில் 14 பிக்சலுக்குக் கீழே போனால் கொம்பும் சுழியும் கலங்கிவிடும். மூன்று கோடுகளாகச் சுருங்கும் எல்லையை உயர்த்துவது நல்ல வழி. 992 என்று இருந்தால் 1200 ஆக்குங்கள். பொருத்தமான சின்னச் சொல்லும் தேடலாம். “தொடர்புகொள்ள” என்பதற்குத் “தொடர்பு” போதும்.

உயரத்தையும் கவனியுங்கள். மெனு பட்டைக்கு இத்தனை பிக்சல் உயரம் என்று நிலையாக வைத்து, பெட்டியை விட்டு வழிவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிடன் என்றும் எழுதியிருந்தால், “கி”, “தீ” போன்றவற்றின் மேல்விலங்கு நறுக்கப்படும், “ழு”, “ஞ” ஆகியவற்றின் கீழ்ப்பகுதியும் போகும். நிலையான உயரத்தை எடுத்துவிட்டு லைன்-ஹைட்டை 1.6 அளவில் வைத்துப் பாருங்கள்.

மொழி காரணமில்லை என்றால் கணக்கு காரணமாக இருக்கும். நான்கு உருப்படிக்கு 25 சதவீதம் வீதம் அகலம் கொடுத்து, அதற்கு மேல் பேடிங் என்ற உள் இடைவெளியும் சேர்த்தால் மொத்தம் நூறைத் தாண்டும். பாக்ஸ்-சைஸிங் என்பதை பார்டர்-பாக்ஸ் ஆக்கினால் பேடிங் உள்ளே அடங்கும். உருப்படிகள் இன்லைன்-பிளாக் ஆக இருந்தால் நிரலில் அவற்றுக்கு இடையே இருக்கும் வெற்றிடமும் ஓர் இடைவெளியாகத் திரையில் வரும். டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

விரிந்த மெனு எதற்கோ பின்னால் போனால்

துணைமெனு திறக்கிறது, ஆனால் ஸ்லைடருக்கோ வீடியோவுக்கோ பின்னால் ஒளிந்துகொள்கிறது. எது மேலே தெரிய வேண்டும் என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸ் எண்ணை எல்லோரும் உடனே 9999 ஆக்குவார்கள். அதற்கும் வராது, இன்னொரு 9 சேர்ப்பார்கள்.

இசட்-இண்டெக்ஸ் பக்கம் முழுவதற்குமான வரிசை எண் அல்ல. மெனுவைச் சுற்றியிருக்கும் ஏதோ ஒரு பெட்டிக்கு டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர், ஒன்றுக்குக் குறைவான ஒபாசிட்டி இவற்றில் எது இருந்தாலும், அந்தப் பெட்டி தனி அடுக்காகிவிடும். அலமாரியின் கீழ்த்தட்டில் பாத்திரங்களை எவ்வளவு உயரமாக அடுக்கினாலும் அவை கீழ்த்தட்டில்தானே இருக்கும்? அதனால் மெனுவின் எண்ணை விட்டுவிட்டு, அதைச் சுமக்கும் ஹெடர் பெட்டிக்கு பொசிஷன் ரிலேட்டிவ் கொடுத்து, அதன் இசட்-இண்டெக்ஸை ஸ்லைடரைவிட உயர்த்துங்கள். எண் 10 இருந்தாலே போதும்.

பின்னால் போகாமல் பாதியில் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அது வேறு நோய். மேலே இருக்கும் பெட்டிகளில் ஒன்றில் ஓவர்ஃப்ளோ ஹிடன் இருக்கும். எலிமென்ட்ஸ் டேபில் (ஃபயர்ஃபாக்ஸில் இன்ஸ்பெக்டர்) ஒவ்வொரு தாய்ப் பெட்டியாக மேலே ஏறி, அந்த வரியின் டிக்கை எடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் மெனு முழுதாக வருகிறதோ அதுதான் குற்றவாளி. ஸ்க்ரோல் செய்யும்போது மேலேயே ஒட்டி நிற்க வேண்டிய ஸ்டிக்கி மெனு ஒட்டாமல் போவதற்கும் பல நேரம் இதே வரிதான் காரணம்.

மூன்று கோடுகளைத் தொட்டால் எதுவும் நடக்காவிட்டால்

ஜாவாஸ்கிரிப்டைப் பாருங்கள். பல மெனுக்கள் நம்பியிருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பான ஜேக்வெரி வரையறுக்கப்படவில்லை என்ற பிழை கன்சோலில் இருந்தால், அந்தக் கோப்பு வரவில்லை, அல்லது மெனுவின் ஸ்கிரிப்டுக்குப் பிறகு வருகிறது. வேகத்துக்காகப் போட்ட கேச் பிளகின் ஸ்கிரிப்ட்களை ஒன்றாக இணைப்பதாலோ தள்ளிப்போடுவதாலோ இந்த வரிசை மாறலாம். அந்த ஆப்ஷனை மட்டும் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

வேர்ட்பிரஸில் பழைய தீம் என்றால் ஒரு பின்கதை உண்டு. 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பில், பழைய ஜேக்வெரி நிரலை ஓட வைத்த ஜேக்வெரி மைக்ரேட் என்ற துணைக்கோப்பு நிறுத்தப்பட்டது. பழைய ஜேக்வெரியை நம்பி எழுதிய மெனுக்கள் பல அப்போது திறக்காமல் போயின. நெடுநாள் அப்டேட் செய்யாமல் வைத்திருந்த தளத்தை இன்று உயர்த்தினாலும் அதே இடத்தில்தான் இடிக்கும். தீமை அப்டேட் செய்யுங்கள். தீமைச் செய்தவர் கைவிட்டிருந்தால் வேறு தீமுக்கு மாறுவதே நல்லது.

பூட்ஸ்ட்ராப் 4இலிருந்து 5க்கு மாறியவர்களுக்கும் இதே அனுபவம். 2021 மே மாதம் வந்த ஐந்தாம் பதிப்பில் டேட்டா-டாகிள் என்று எழுதிய இடத்தில் டேட்டா-பிஎஸ்-டாகிள் என்று எழுத வேண்டும். டேட்டா-டார்கெட்டுக்கும் அப்படியே. வலப்பக்கம் இருந்த மெனு இடப்பக்கம் தாவியிருந்தால் எம்எல்-ஆட்டோ என்பதை எம்எஸ்-ஆட்டோ என்றும், எம்ஆர்-ஆட்டோ என்பதை எம்இ-ஆட்டோ என்றும் மாற்றுங்கள்.

கட்டங்களும் புரியாத குறிகளும்

மூன்று கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் தெரிந்தால் ஐகான் ஃபான்ட் வரவில்லை. நெட்வொர்க் டேபில் ஃபான்ட் என்று வடிகட்டினால் எது விழுந்தது என்று தெரியும். தமிழ் எழுத்துகளே ஐரோப்பியக் குறிகளாக மாறியிருந்தால், பக்கத்தின் தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

கைபேசியில் மட்டும் உடைந்தால்

கைபேசியில் கணினி மெனுவே எறும்பளவில் தெரிகிறதா? திரையின் அகலத்துக்கே பக்கத்தை வரையச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் இல்லை. அது இல்லாவிட்டால் கைபேசிப் பிரவுசர் பக்கத்தை சுமார் 980 பிக்சல் அகலமாக நினைத்து வரைந்து, பிறகு திரைக்குள் சுருக்கும்.

முழுத்திரை மெனுவில் கடைசி உருப்படி மட்டும் கீழே மறைந்துபோகிறது என்றால் உயரம் 100 விஎச் (திரை உயரத்தில் நூறு சதவீதம்) என்று இருக்கும். முகவரிப் பட்டை பிடிக்கும் இடம் அந்தக் கணக்கில் கழிவதில்லை. அதற்காகவே வந்த டிவிஎச் என்ற அலகு 2022க்குள் சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூன்றிலும் வந்துவிட்டது. பழைய வரியை விட்டுவைத்து அதற்குக் கீழே 100 டிவிஎச் என்று சேர்த்தால், தெரிந்த பிரவுசர் புதியதை எடுத்துக்கொள்ளும், தெரியாதது பழையதோடு இருக்கும்.

மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் திறக்கும் துணைமெனுவைத் தொடுதிரையில் நம்ப முடியாது. கிளிக்கிலும் திறக்கும்படி மாற்றுங்கள்.

பழைய ஐபோனில் மெனுச் சொற்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டு நின்றால், ஃப்ளெக்ஸுக்குள் கேப் பயன்படுத்தியிருப்பீர்கள். சஃபாரி 2021இல் வந்த 14.1 பதிப்பிலிருந்துதான் அதைப் புரிந்துகொள்கிறது. ஐஓஎஸ் 12ஓடு நின்றுபோன ஐபோன் 6 இன்னும் சில கைகளில் இருக்கிறது. கேப்புக்குப் பதில் மார்ஜின் வைத்தால் அவர்களுக்கும் சரியாகத் தெரியும். எந்தப் பண்பு எந்தப் பதிப்பிலிருந்து வேலை செய்கிறது என்பதை கேன் ஐ யூஸ் தளத்தில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

திருத்தியபின்

இன்ஸ்பெக்டில் சரிப்பட்ட வரியை உடனே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ரீலோட் செய்தால் போய்விடும். வேர்ட்பிரஸில் அதைக் கஸ்டமைஸ் பகுதியின் அடிஷனல் சிஎஸ்எஸ்ஸிலோ சைல்ட் தீமிலோ போடுங்கள். தீமின் சொந்தக் கோப்பில் எழுதினால் அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும்.

சிஎஸ்எஸ் இணைப்பின் முடிவில் கேள்விக்குறிக்குப் பின்னால் பதிப்பு எண் இருந்தால் அதை ஒன்று கூட்டுங்கள், இல்லாவிட்டால் சேருங்கள். அப்போதுதான் பழைய கோப்பை வைத்திருக்கும் பிரவுசர்கள் புதியதைக் கேட்கும். கேச் பிளகின், தளத்தின் நகலை வைத்து அனுப்பும் கிளவுட்ஃப்ளேர் போன்றவை நடுவில் இருந்தால் அங்கேயும் பர்ஜ் கொடுத்துப் பழைய நகலை அழியுங்கள். பிறகு மொபைல் டேட்டாவில், பிரைவேட் விண்டோவில் தளத்தைத் திறந்து, மூன்று கோடுகளைத் தொட்டு, கடைசி உருப்படி வரை இறங்கி, ஒவ்வொரு துணைமெனுவையும் திறந்து மூடிப் பாருங்கள்.